பந்து பங்கருக்குள் விழுந்தால்



இம்மாதம் கொல்ப் விளையாட்டைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். "எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கோழி வளர்ப்புக் கடனைப் பற்றியும், தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதி எடுப்பதைப் பற்றியும் கடந்த மாதங்களில் நிறையவே எழுதிவிட்டேன். அவை வேண்டியவைதான். ஆனால் நீங்கள் அனுப்பும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சங்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு சுற்றுலா போக ஆசைப்படுகிறோம், ஊர் என்ன சொல்லும்?" என்பதே அது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கைகொடுத்தது இந்தக் கொல்ப்தான்.

நான் இருப்பது பல்லேகலவில். இங்கிருந்து மஹியங்கனை வீதியில் திகன பக்கம் போனால், ரஜவெல்லவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரமாக 18 குழிகள் கொண்ட கொல்ப் மைதானம் ஒன்று இருக்கிறது. மலை, தண்ணீர், சீராக வெட்டிய பச்சைப் புல். கண்ணுக்கு அழகுதான். 1985 இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் அதன் எச்சங்கள் வெளியே தெரியும். தங்கள் வீடு இருந்த இடத்தைக் கரையில் நின்று விரலால் காட்டும் வயோதிபர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு விளையாட்டுக்கு வருகிறேன்.

விளையாட்டு மிக எளிது. நிலத்தில் ஒரு சின்னக் குழி. தூரத்தில் ஒரு சின்னப் பந்து. நீண்ட தடியால் பந்தை அடித்து அடித்து அந்தக் குழிக்குள் போடவேண்டும். குறைந்த அடியில் போட்டவர் வென்றவர். இப்படி 18 குழி. நமது கிட்டிப்புள்ளுக்கு வேட்டி சட்டை போட்டுவிட்டால் ஏறக்குறைய இதுதான். நான் உள்ளே போய் விளையாடியதில்லை. கட்டணம் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது.

இந்த மைதானங்களுக்கு வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சிறு சங்கங்கள் வருடாந்தச் சுற்றுலா வருவதுண்டு. பெரிய விளையாட்டு வீரர்கள் அல்ல. ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அயலவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். வருடம் முழுவதும் காசு சேர்த்து, நாலைந்து நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்து விளையாடுவார்கள். அதில் பாதிப் பேருக்குப் பந்து நேரே போகாது. அதனால்தானோ என்னவோ, விளையாட்டை விட அவர்கள் எழுதிக்கொள்ளும் சுற்றுலா விதிகள் சுவையானவை. விருந்தினர் விடுதியொன்றில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, அறை துப்புரவு செய்யும்போது குப்பைக் கூடையில் கிடந்த விதித்தாள் ஒன்றை, "இதைப் பாருங்க மிஸ், பெரிய மனுசங்க செய்ற வேலையை" என்று கொண்டுவந்து காட்டினாள். வாசித்துவிட்டு நான் வயிறு நோகச் சிரித்தேன்.

காலையில் வானுக்குப் பிந்தி வந்தால் தண்டம். கைபேசி அடித்தால் தண்டம். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்தால் தண்டம். தடியை ஓங்கி வீசிக் காற்றை மட்டும் அடித்தால் தண்டம். பந்தை நீர்த்தேக்கத்துக்குத் தானம் செய்தால் தண்டம். முழங்கால் நோ, வெயில் கண்ணில் பட்டது, காகம் கத்தியது என்று சாட்டுச் சொன்னால் இரட்டைத் தண்டம். அன்றைக்கு மிக மோசமாக விளையாடியவர் அடுத்த நாள் முழுவதும் ஓர் அவலட்சணமான தொப்பியைப் போட்டுக்கொண்டு திரியவேண்டும். கடைசி இரவு நீதிமன்றம் கூடும். நீதவான் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு உட்காருவார். எதிரிக்குச் சட்டத்தரணி கிடையாது. மேன்முறையீடு செய்தால் தண்டம் இரட்டிக்கும். சேரும் காசு கடைசி நாள் சாப்பாட்டுக்கோ ஏதாவது தருமத்துக்கோ போகும்.

ஒரு விதி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கொல்ப் மைதானத்தில் பெண்கள் முதல் அடியை அடிக்கும் இடம் ஆண்களுடையதை விடச் சற்று முன்னால் இருப்பது வழக்கம். ஒரு ஆண் அடித்த பந்து அந்தப் பெண்கள் இடத்தைக்கூடத் தாண்டாவிட்டால் அது பெரிய அவமானமாம், அதற்கு விசேட தண்டமாம். பெண்ணோடு ஒப்பிடுவதையே தண்டனையாக நினைக்கும் ஆண்களை எந்தக் கடல் கடந்து போனாலும் காணலாம். இந்த விளையாட்டின் தலைமைப்பீடம் என்று சொல்லத்தக்க ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் சங்கமே பெண்களை அங்கத்தவராகச் சேர்க்க வாக்களித்தது 2014 இல்தான் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

சரி, தலைப்புக்கு வருகிறேன். கொல்ப் மைதானத்தில் ஆங்காங்கே மணல் நிரப்பிய பள்ளங்களை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். பந்து அதில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. அந்தப் பள்ளத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? பங்கர். ஆம், நமது அதே பங்கர். சேலையைக் கிழித்து மூட்டை தைத்து மணல் நிரப்பி அடுக்கினோமே, பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு இருந்தோமே என்று நீங்கள் சொல்லும் அதே சொல். அவர்களுடைய பங்கருக்கு ஒரு மரியாதை விதி உண்டு. உள்ளே இறங்கி அடித்தவர், வெளியே வருமுன் பக்கத்தில் கிடக்கும் வாரியை எடுத்து, தன் காலடித் தடமெல்லாம் அழியும்படி மணலைச் சமப்படுத்திவிட்டு வரவேண்டும். பின்னால் வருபவர் தன் தடத்தில் சிக்கக்கூடாது என்பதற்காக.

இந்த விளையாட்டுக்கும் யுத்தத்துக்கும் உள்ள பழக்கம் பழையது. 1457 இல் ஸ்கொட்லாந்து அரசு கொல்ப்பைத் தடை செய்தது. ஆண்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போகிறார்கள், யுத்தம் வந்தால் யார் போவது என்பது காரணம். 1744 இல் லீத் என்னும் இடத்து விளையாட்டுக்காரர்கள் முதன்முதலாக எழுதிவைத்த விதிகள் 13. அதில் கடைசி விதியிலேயே படைவீரர்களின் அரண் வரிசை வந்துவிடுகிறது. பந்து அதற்குள் விழுந்தால் அது விளையாட்டின் தடையாகக் கணக்கில்லை, எடுத்து வெளியே வைத்து அடிக்கலாம் என்கிறது. படைவீரர் தோண்டிய பள்ளத்துக்கு விளையாட வந்தவர் பொறுப்பல்ல என்று 1744 இலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், பாருங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1940 இல் எழுதிய விதிகள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் விமானங்கள் இலண்டனில் குண்டு போட்ட காலம். நகருக்குப் பக்கத்தில் ரிச்மண்ட் கொல்ப் சங்கத்தின் வளவிலும் குண்டு விழுந்தது. சங்கத்தார் விளையாட்டை நிறுத்தவில்லை. தற்காலிக விதிகள் என்று ஒரு தாளை அச்சடித்தார்கள். அதன் சாரத்தை என் சொல்லில் தருகிறேன்.

புல்வெட்டும் இயந்திரம் பழுதாகாமலிருக்க, குண்டுச் சிதறல்களைக் காண்பவர்கள் பொறுக்கி எடுக்கவேண்டும். போட்டி நடக்கும்போது குண்டு விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்ளலாம், அதற்குத் தண்டம் இல்லை. நேரம் கழித்து வெடிக்கும் குண்டுகள் கிடக்கும் இடத்துக்குச் சிவப்புக் கொடி நட்டிருக்கிறோம், போதிய தூரத்தில்தான் நட்டிருக்கிறோம், ஆனால் உத்தரவாதம் தரமாட்டோம். எதிரியின் நடவடிக்கையால் பந்து நகர்ந்தால் திரும்ப எடுத்து வைக்கலாம். பந்தே அழிந்துபோனால் இன்னொன்றைப் போடலாம். குண்டுப் பள்ளத்துக்குள் பந்து விழுந்தால் எடுத்து வெளியே போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசி விதி: நீங்கள் அடிக்கும் அதே கணத்தில் குண்டு வெடித்து உங்கள் அடி பிசகினால், அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை அடிக்கலாம். ஆனால் ஓர் அடி தண்டம்!

குண்டு வெடித்ததற்கு நான் ஏன் தண்டம் கட்டவேண்டும் என்று கேட்பீர்கள். அதுதான் பகிடி. இந்தத் தாளை ஜேர்மன் வானொலி பரிகசித்ததாகவும், எங்கள் விமானங்கள் இராணுவ இலக்குகளை மட்டுமே தாக்குகின்றன, ஆகவே இந்த வீரத்துக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று சொன்னதாகவும் அந்தச் சங்கத்தார் சொல்கிறார்கள். இராணுவ இலக்குகளை மட்டும். அந்த வசனத்தை வானொலியில் கேட்ட பழக்கம் நமக்கும் உண்டு.

இந்தக் கதைகளையெல்லாம் நான் ஒரு வானுக்குள் வைத்துச் சொல்ல நேர்ந்தது. வன்னியிலிருந்து மாதர் சங்கமொன்று, 14 பெண்கள், கண்டி பார்க்க வந்திருந்தார்கள். பெரும்பாலானோர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். பேராதனைப் பூங்காவைக் காட்டிவிட்டு அணையைக் காட்டக் கூட்டிப்போனேன். வழியில் வேலிக்கு அப்பால் மைதானத்தைக் கண்டதும் ஒருவர் கேட்டார்:

"உதென்ன மிஸ், இவ்வளவு புல்லு நிக்குது, ஒரு மாட்டையும் காணேல்லையே?"

வான் முழுக்கச் சிரிப்பு. அப்படித்தான் கதை தொடங்கியது. பங்கரைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். "காசு குடுத்துப் பங்கருக்குள்ள இறங்குறாங்களோ!" என்று ஓர் அம்மா தலையில் கைவைத்தார்.

ஆனால் அந்த 14 பேரில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், புறப்பட்ட நேரம் தொட்டு யன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார். பிறகுதான் தெரிந்தது. காலையில் பையோடு ஒழுங்கைக்கு வந்தபோது அயல்வீட்டு மனுசி கேட்டிருக்கிறா, "புருசனைத் துலைச்சவளுக்கு ரூர் கேக்குதோ?" என்று. இவர் பதில் சொல்லவில்லை. வந்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியும் கூடவே வானில் ஏறிவிட்டது.

சமூகவியல் படித்த காலத்தில் விதவைக்கோலம் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். வெள்ளைச் சேலை, பொட்டு, மங்கல காரியங்கள் என்று பட்டியல் உண்டு. சிரிப்புக்குப் போடப்பட்ட தடை எந்தப் பட்டியலிலும் இருந்ததாக நினைவில்லை. கூப்பனுக்கு வரிசையில் நின்றாலும், கச்சேரிப் படிகளில் காத்துக்கிடந்தாலும், கூலிக்குப் போனாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு நாள் பூங்கா பார்க்கப் போனால்தான் ஊருக்குக் குறை தெரிகிறது. வெள்ளைக்காரக் கிழவர்கள் பந்தை ஆற்றுக்குள் அடித்துவிட்டுத் துவாயைத் தலையில் போட்டுச் சிரித்தால் அது சங்கம். நாங்கள் சிரித்தால் மட்டும் அது வேறு கதையோ?

நான் அவர்களுக்குக் கொல்ப்பின் இன்னும் இரண்டு விதிகளைச் சொன்னேன். ஒன்று ஹண்டிகப். இந்தச் சொல்லை நமது ஊர்களில் எப்படிப் பாவித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். படிவத்தில் ஒரு கட்டம், தெருவில் ஒரு பட்டப்பெயர். கொல்ப்பில் அது ஒரு உரிமை. திறமையானவரும் புதியவரும் ஒன்றாக விளையாட வேண்டுமென்றால், புதியவருக்கு இத்தனை அடி கழிவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 2020 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவாக வந்த முறையில் அது 54 வரை போகலாம். அதாவது ஒவ்வொரு குழிக்கும் மூன்று அடி. அதை வாங்குபவர் வெட்கப்படுவதில்லை, கொடுப்பவர் இரக்கப்படுவதுமில்லை. வெட்கப்படவேண்டியவர் ஒரேயொருவர்தான், நன்றாக விளையாடத் தெரிந்தும் தெரியாததுபோல் நடித்துக் கூடுதலாக வாங்கிக்கொள்பவர். அப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் மணல்மூட்டைக்காரர் என்று திட்டுவார்களாம். இதைச் சொன்னதும், வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்ட காலத்து மணல்மூட்டைக்காரர் நாலைந்து பேரின் பெயர்கள் வானின் பின் ஆசனத்திலிருந்து வந்து விழுந்தன. அவற்றை நான் எழுதமாட்டேன்.

மற்றது, குழியிலிருந்து யாருடைய பந்து மிகத் தூரத்தில் கிடக்கிறதோ அவரே முதலில் அடிக்கவேண்டும் என்பது. 1744 இன் 13 விதிகளிலேயே இது இருக்கிறது. இப்போது நேரம் மிச்சம் பிடிக்க, ஆயத்தமாக நிற்பவர் முந்தி அடிக்கவும் விடுகிறார்கள். ஆனாலும் பழைய மரியாதை அதுதான். தூரத்தில் நிற்பவருக்கு முதலிடம். நிவாரண லொறிக்குப் பின்னால் ஓடியவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பந்து துலைஞ்சா என்ன செய்யிறது?" என்று ஒருவர் கேட்டார். தேடலாம், 2019 வரை ஐந்து நிமிடம், இப்போது மூன்று நிமிடம், அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு என்றேன். சொன்ன பிறகுதான் வான் அமைதியானது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி வீதியோரத்தில் உட்கார்ந்த தாய்மாரில் ஒருவர் எங்களோடு இருந்தார். "மூண்டு நிமிசம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே, "பந்துதானே பிள்ளை. பந்துக்கு அது காணும்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சத் தூரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அணைக்கட்டைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த புளிச்சாதத்தைச் சாப்பிடும்போது, எங்களுக்கும் விதி வேண்டும் என்று தொடங்கியவர் யன்னல் பக்கம் இருந்த அந்தச் சகோதரிதான். எனக்கு அது ஆச்சரியம். கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து எழுதினார்கள்.

வீட்டுக்கு ஒரு நாளில் இரண்டு தரத்துக்கு மேல் போன் எடுத்து "சோறு போட்டாச்சோ" என்று கேட்டால் 20 ரூபா. "நான் வராமல் விட்டிருக்கலாம்" என்று சொன்னால் 20 ரூபா. கடன்காரக் கொம்பனியின் பெயரை எடுத்தால் 50 ரூபா, அது சாப்பாட்டு நேரமானால் 100. "சிரியாதை, ஆக்கள் பாக்கினம்" என்று சொன்னால் இரட்டை. மலைவளைவில் சத்தி எடுத்தால் தண்டம் இல்லை, முன் யன்னல் ஆசனம் அவருக்கு, அது ஹண்டிகப். செயற்கைக் கால் போட்ட தங்கச்சி எந்த வேகத்தில் நடக்கிறாவோ அதுதான் எல்லாருடைய வேகமும். ஓர் இடத்துக்குக் கடைசியாக வந்து சேருபவருக்கே முதல் கோப்பை தேநீர்.

அழுவதற்குத் தண்டம் போடுவதா என்று பெரிய விவாதம் நடந்தது. போடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் தொடங்க எல்லாரும் தொடங்கிவிடுவோம் என்றார் ஓர் அம்மா. வாக்கெடுப்பில் தோற்றுப்போனார். அழுகைக்குத் தண்டம் இல்லை, அழுகிறவரை "அழாதை" என்று மறிப்பவருக்கு 20 ரூபா என்று முடிவாயிற்று. எனக்குத் தெரிந்த உளவளத்துணைப் பயிற்சிகளில் இதைச் சொல்லித்தர இரண்டு நாள் எடுப்பார்கள்.

உங்கள் சங்கத்துக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு முன்பே சீட்டு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேருங்கள். பொதுக்காசை ஒருவரும் கணக்கை இன்னொருவரும் வைத்திருங்கள். வான்காரரோடு வாடகையை எழுத்தில் பேசுங்கள். தங்குமிடத்தில் உள்ளே பூட்டக்கூடிய அறையா, கழிவறை பக்கத்திலா என்று போனிலேயே கேளுங்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதைப் போகாதவர்களோடு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர்கள் போக, நீங்கள் பார்க்கலாம். ஊர் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாரிக்க வேண்டாம். விதித்தாளைத் தயாரியுங்கள்.

அன்றிரவு மண்டபத்தில் நீதிமன்றம் கூடியது. வயதில் மூத்த அம்மா தலையில் துவாயோடு கதிரையில் அமர்ந்தார். முதல் வழக்கே பொருளாளர் மேல். ஒரே நாளில் ஐந்து தரம் போனில் வீட்டோடு கதைத்திருக்கிறா. பொருளாளர் எழும்பி நின்று வாதாடினார். முதல் இரண்டும்தான் தான் எடுத்தவையாம். மற்ற மூன்றும் மாமி எடுத்தவையாம். "நான் அடிக்கேல்லை அம்மா, அங்கேயிருந்துதான் வந்து விழுந்தது. அந்த 1940 ஆம் ஆண்டு விதியின்படி எதிரியின்ர நடவடிக்கை!"

நீதவான் அம்மா என்னைக் கூப்பிட்டு, அந்த விதியை இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் துவாயைச் சரிசெய்தபடி யோசித்தார்.

"சரி. மாமிக்குத் திரும்ப எடுத்துக் கதைக்கலாம். ஆனா ஓரடி தண்டம். இருவது ரூபாயை வை, பிள்ளை."